கிரீடம் வேண்டாமென்ற வீரனால் எனக்கு வந்த கதி

ரோம், ஏப்ரல் மாதம்

மதிப்பிற்குரிய மைத்துனர் லூசியஸ் டிட்டியஸ் நேபோ அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் வெக்டியஸ் ஆப்டாட்டஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நீங்கள் நலமாயிருந்தால் நல்லது. அடுத்து "நானும் நலமே" என்று எழுதுவதுதான் நம் வழக்கம். நாற்பது வருஷமாகக் கை தானாக எழுதிய அந்த வரி இன்றைக்கு வரமாட்டேன் என்கிறது. கொர்துபாவில் ஒலிவ மரங்கள் பூத்தனவா, உங்கள் முழங்கால் வலி எப்படி என்றெல்லாம் ஒழுங்காக விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. உங்கள் தங்கையையும் என் மகளையும் கப்பலேற்றி உங்களிடம் அனுப்புகிறேன். ஏனென்று கேட்டால், என்னைப் பிடித்துக்கொண்டு போக எந்த நேரமும் ஆள் வரலாம்.

தானியக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷம் எழுத்தர் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன், சும்மா வெயில் காய்ந்துகொண்டு இருந்திருக்கலாம். விதி யாரை விட்டது? முன்னொரு காலத்தில் ரோமைக் காத்த மாந்தூரஸைப் பற்றி எட்டுச் சுருளில் ஒரு காவியம் எழுதினேன். முதல் ஆளாகப் போரில் இறங்குவான், தோற்றவனை மன்னிப்பான், ஜனங்கள் கிரீடத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது வேண்டாமென்று சொல்லி முள்ளங்கித் தோட்டத்துக்குத் திரும்பிவிடுவான். ஒன்பது வருஷ உழைப்பு. உங்கள் தங்கை டிட்டியா அப்போதே சொன்னாள்: "ஏங்க, வீரனைப் பாடுங்க, வேணாங்கல. ஆனா நல்லவனைப் பாடாதீங்க. இந்த ஊர்ல ஒருத்தனை நல்லவன்னு சொன்னா, இன்னொருத்தரை யாரையோ குத்திக் காட்டுறதா அர்த்தம் பண்ணுவாங்க." நான் கேட்கவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டால் காவியம் எப்படி எழுதுவது?

நேற்று மத்தியானம் பக்கத்து வீட்டுக் கூடத்தை இரவல் வாங்கி, பெஞ்சு போட்டு, எல்லோரையும் போல நானும் வாசிப்புக்கு அழைத்தேன். எல்லோரையும் போலக் கைதட்டுவதற்கென்று அறுபது பேருக்குச் சாப்பாடு பேசிப் பின்வரிசையில் உட்கார வைத்தேன். தூண் பக்கத்தில் நிற்கும் என் எழுத்தன் ஹிலாரஸ் வலது கையைத் தூக்கினால் எழுந்து நின்று தட்ட வேண்டும். ஏற்பாடெல்லாம் கச்சிதம். சுருளைப் பிரித்து நிமிர்ந்து பார்க்கிறேன், மூன்றாம் வரிசையில், அதே தூணுக்குப் பக்கத்தில், மடியில் மெழுகுப் பலகையோடு முன்னியஸ் கார்போ! உங்களுக்கு அவனைத் தெரியாது. தான் கண்ட கனவைச் சந்தையில் சொன்ன ஒரு பாவியை அரண்மனையில் போட்டுக்கொடுத்துத் தீவாந்தரம் அனுப்பியவன்.

மாந்தூரஸ் முதல் ஆளாய்ப் பகைவர் மேல் பாய்ந்தான் என்று வாசித்தேன். கார்போவின் எழுத்தாணி கீறியது. அட ஜூப்பிட்டரே, போன வருஷப் போரில் நம் சக்கரவர்த்தி கூடாரத்தைவிட்டு வெளியே வரவேயில்லையே! உடனே மாந்தூரஸைத் திரும்பக் கூட்டிவந்து கூடாரத்தில் உட்கார வைத்து வரைபடம் பார்க்கவிட்டேன். அடுத்து, காலில் விழுந்த பகைவனை மன்னித்தான். மறுபடி கீறல். போன மாதம்தானே அரண்மனை வாசலில் காலில் விழுந்த மூன்று பேருக்குத் தலை போனது! அவசரமாக மாந்தூரஸை அந்தப் பகைவனை வெட்டச் சொன்னேன். வெட்டினால் கொடுங்கோலன் என்று ஆகிறதே, அதற்கும் கீறல். பகைவன் காய்ச்சல் வந்து தானே செத்தான் என்று முடித்துவிட்டேன். முன்வரிசையில் இருந்த என் பழைய மேலதிகாரி, "என்னய்யா இது, வீரன் ஒண்ணுமே பண்ண மாட்டேங்கிறான்?" என்று காதுபடவே கேட்டார்.

பிறகு வந்தது கிரீடம். மாந்தூரஸ் அதை மறுத்தால், மறுக்காதவரைக் குத்தியதாகும். வாங்கிக்கொண்டால், ரோமை ஆள்கிறவரை ராஜா என்று சொன்னதாகும்; ராஜாக்களை விரட்டிய இந்த ஊரில் அது இன்னும் பெரிய குற்றம். கிரீடம் நீட்டியபடி நிற்கிறது, மாந்தூரஸ் முழிக்கிறான், நானும் முழிக்கிறேன். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவனைச் சொல்ல வைத்தேன். கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் ஒன்பது வருஷம் சொல்லிப் பழகிய நாக்கு, பாருங்கள், நான் தடுக்குமுன் அடுத்த வரியைத் தானே சொல்லிவிட்டது: "ஒருவன் நிமிர ஊரே குனிய வேண்டுமென்றால், அது ஊரல்ல, தொழுவம்."

அந்த நேரம் பார்த்தா கார்போவின் மூக்கில் ஈ உட்கார வேண்டும்! விரட்ட வலது கையைத் தூக்கினான். பின்வரிசைக்குத் தெரிந்தது தூண் பக்கத்தில் தூக்கிய கை ஒன்றுதான். அறுபது பேரும் எழுந்து, கூரை அதிர, "பலே! பலே! இன்னொரு தரம்!" என்று கத்தித் தட்டினார்கள். நான் வேண்டாமென்று கையை ஆட்டினேன்; அடக்கமென்று நினைத்து இன்னும் தட்டினார்கள். கார்போ மெதுவாகத் திரும்பி அந்த அறுபது முகத்தையும் பார்த்தான், வெகுநேரம் எழுதினான், எழுந்து போனான். அடுத்த நிமிஷம் கூடத்தில் ஈ காக்கை இல்லை. சாப்பாட்டுக்குக்கூட ஒருவனும் நிற்கவில்லை.

எட்டுச் சுருளையும் இன்று காலை அடுப்பில் போட்டுவிட்டேன். அதில்தான் கொண்டைக்கடலை வெந்தது. இனி எழுதமாட்டேன். வீரமாவது சுதந்திரமாவது! வாயை மூடிக்கொண்டிருப்பவன்தான் இந்தக் காலத்து வீரன், இது சத்தியம். யார் கேட்டாலும் அந்தக் காவியம் என்னுடையதே இல்லை என்பேன். தயவுசெய்து இரண்டு பேரையும் ஏற்றுக்கொள்ளுங்கள். என் மகள் வெக்டில்லாவுக்கு மீன் சாறு ஒத்துக்கொள்ளாது. உங்கள் வீட்டுத் தெய்வங்கள் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், கவிதை எழுதாத மருமகன்களையும் தரட்டும். இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள்; அடுப்பு மூட்டுகிறவன் எழுதப்படிக்கத் தெரியாதவன்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புள்ள, நடுங்குகிற,
ஆப்டாட்டஸ்

பின்குறிப்பு: முத்திரை வைக்குமுன் கார்போ வந்துவிட்டான். உட்கார்ந்து, பலகையை என் முன்னால் வைத்தான். "பயப்படாதீங்க பெரியவரே. மத்ததெல்லாம் உளறல், நானே அழிச்சிட்டேன். அந்தத் தொழுவ வரி மட்டும்தான் வில்லங்கம். அவ்வளவு நல்ல வரி உங்களுக்கு வருமா? எவனோ செத்துப்போன பழைய புலவனோடது, நீங்க திருடிட்டீங்க. 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, செத்தவனை யாரும் தண்டிக்க முடியாது, நானும் கிளம்பிடுறேன்" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான் என்று நினைக்கிறேன். நானும் ஆமாம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. "யோவ், அது என் வரிய்யா! எவன்கிட்டயும் திருடல. கீழ என் பேரை முழுசா எழுது" என்று வந்துவிட்டது. எழுதிக்கொண்டு போய்விட்டான்.

திரைக்குப் பின்னால் உங்கள் தங்கை நின்றிருக்கிறாள். அழுவாள் என்று பார்த்தேன். "எட்டுச் சுருள்ல அது ஒண்ணுதான் நல்ல வரி. அதையும் இல்லேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நானே உங்களைக் காட்டிக்குடுத்திருப்பேன்" என்றாள். பிறகுதான் அழுதாள். ஆகவே மேலே இரண்டு பேர் என்று எழுதியதை ஒருத்தி என்று திருத்திக்கொள்ளவும். வெக்டில்லா மட்டும் வருகிறாள். உங்கள் தங்கை, தான் கட்டிய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.