காளியம்மா முகத்தின் உரிமையாளர்

ஒருவருடைய படத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இது நல்ல சட்டம். ஜப்பான்காரன் காலத்து மலாயாவில், எங்கள் ஈப்போ ஊரில், எனக்குத் தெரிந்து நியாயமாக இருந்த சட்டம் இது ஒன்றுதான். மற்ற சட்டங்களில் எல்லாம் எப்படியோ பிழைத்து வந்த நாங்கள் இந்த நல்ல சட்டத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

அப்போது ஊரில் அரிசி கிடையாது. சவர்க்காரம் கிடையாது. வேட்டி கிழிந்தால் கோணியைக் கட்டிக்கொண்டார்கள். இப்படிப்பட்ட சமயத்தில் பொதுமக்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது என்ன என்று மேலிடம் ஆழ்ந்து யோசித்து, வியாபாரப் படங்கள் ஒழுங்கு அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தது. நாலு நாற்காலி, ஒரு முத்திரை, திரைக்குப் பின்னால் ஒரு பெரிய அதிகாரி, திரைக்கு முன்னால் கோப்பு பார்க்கும் குமாஸ்தாவாக அர்ச்சுனன் என்ற தமிழ்க் கிராணி. வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கும் பிச்சைமுத்துவாகிய நான். ஆண்டு 1943 என்று எழுதினால் மனு செல்லாது. ஜப்பான் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டும். நடுவில் இருந்த அறுநூற்று அறுபது வருஷம் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. மனு எழுதினால் எனக்குக் கிழங்காவது கிடைத்தது. அதனால் நானும் கேட்கவில்லை.

முதலில் மாட்டியவர் ஊருக்குள் புந்தோங் பகுதியில் கூந்தல் தைலம் விற்ற தேனப்பச் செட்டியார். அவருடைய போத்தலில் ஒட்டிய தாளில் ஒரு பெண்ணின் படம் இருக்கும். பூரித்த கன்னம், இரண்டு பக்கமும் மூக்குத்தி, தோள் வழியாக எடுத்து முன்னால் போட்ட பின்னல். அந்தப் பெண் காளியம்மா. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். யுத்தத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், புருஷனோடு ஈப்போவுக்கு வந்து ஜோடியாகப் படம் பிடித்துக்கொண்டாள். போட்டோ கடைக்காரர் புருஷனை வெட்டிவிட்டு மிச்சத்தைச் செட்டியாருக்கு விற்றுவிட்டார். பிறகு அந்தப் புருஷனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆக, அவளிடமிருந்து அவரை முதலில் பிரித்தது போட்டோ கடைக்காரர்தான். ஜப்பான்காரன் இரண்டாவது.

இப்போது அவள் இரண்டு பிள்ளைகளோடு புந்தோங் சந்தை ஓரத்தில் மரவள்ளிக்கிழங்குப் புட்டு விற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் புட்டு விற்றால்தான் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு.

செட்டியார் நல்ல மனிதர். தினமும் காலையில் என் மேசைக்கு வந்து அலுவலகத்தை வாயாரத் திட்டிவிட்டுத்தான் கடை திறப்பார். சட்டம் வந்ததும் போத்தலைப் பதிவு செய்தார். அடுத்த வாரமே காளியம்மாவைத் தேடிப் பிடித்துச் சம்மதம் கொடுக்கக் கூட்டி வந்தார். அதற்காக அவளுக்கு ஒரு போத்தல் தைலம் தருவதாகப் பேச்சு. ‘படத்தில் இருப்பவள் நானே, எனக்குப் பூரண சம்மதம்’ என்று நான் எழுதினேன். அவள் கைநாட்டு வைத்தாள்.

அர்ச்சுனன் போத்தலைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். கிழங்கையே தின்று அவள் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மூக்குத்தி இரண்டும் எப்போதோ அரிசியாகிவிட்டன. காய்ச்சலில் முடி கொட்டி, பின்னல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொண்டை.

“இது நீங்க இல்லைலா அக்கா.”

“என்ன தம்பி சொல்றே? நீயும் நம்ம தோட்டந்தானே. என் கல்யாணத்துல பந்தி பரிமாறினவன் நீ.”

“எனக்குத் தெரியுதுக்கா. படத்துக்குத் தெரியணுமே.”

கோப்பு திரைக்குப் பின்னால் போனது. பதினைந்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. வேறு ஆள் என்றால் இவ்வளவு சாயல் இருக்க நியாயமில்லை. அதே ஆள் என்றால் இவ்வளவு வித்தியாசம் இருக்க நியாயமில்லை. எனவே இரண்டில் ஒன்று மற்றதைப் பார்த்துச் செய்யப்பட்டது. படம் இந்த அலுவலகத்துக்கு வந்தது முதல் வாரம், மேற்படி பெண் வந்தது இரண்டாவது வாரம். ஆகவே படமே அசல். மேற்படி பெண் தரக்குறைவான நகல். அசலின் உரிமையாளரான தேனப்பச் செட்டியார் எழுத்து மூலம் அனுமதி தரும்வரை, மேற்படி நகல் மேற்படி முகத்தோடு வியாபாரம் செய்யலாகாது. செய்தால் முகத்தை மூடிக்கொண்டு செய்யவும்.

நான் இதை உரக்கப் படித்துக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். காளியம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் அவள் முகத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முகத்தை மூடியவளுக்கு என்ன நோயோ என்று சனங்கள் விலகிப் போனார்கள். வெந்த புட்டு சட்டியோடு வீட்டுக்குத் திரும்பியது. அதற்கடுத்த நாள் துணியை விலக்கினாள். சந்தைக் காவல்காரன் வந்து சட்டியையே தூக்கிக்கொண்டு போனான். அதன் பிறகு நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் ஒரு கையெழுத்து போதும். அனுமதிக் கடிதத்தை நானே எழுதி வைத்தேன். அர்ச்சுனன் முத்திரையில் மை தடவிக்கொண்டு என் மேசைக்கே வந்து நின்றான். காளியம்மா ஒரு பக்கம் நின்றாள். செட்டியார் உட்கார்ந்து கடிதத்தைப் படித்தார். ‘உரிமையாளர்’ என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். அந்தச் சொல்லை வாய்விட்டு ஒரு தரம் படித்தார். அவருடைய மோட்டார் காரையும் பாதிக் கடையையும் ஜப்பான்காரன் எடுத்துக்கொண்டதிலிருந்து அவரை யாரும் எதற்கும் உரிமையாளர் என்று சொன்னதில்லை. மனுஷர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“குடுக்கலாம். ஆனா யோசிக்கணும்ல? இந்த மூஞ்சியோட, இந்த முடியோட நீ சந்தையில ஒக்காந்திருந்தா என் தைலத்தை எவன் வாங்குவான்?”

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. நிபந்தனை சொல்ல ஆரம்பித்தார், நான் எழுதினேன். கடையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில் விற்க வேண்டும். தலையில் எந்நேரமும் முக்காடு இருக்க வேண்டும். படத்தில் இருப்பது தான்தான் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. கன்னம் பழையபடி ஆனதும் உரிமையாளரிடம் வந்து காட்ட வேண்டும். எனக்கு எழுதச் சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் எழுத்து முத்து முத்தாக விழுந்தது. செட்டியார்கூடப் பாராட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அர்ச்சுனன் முத்திரை குத்தினான். எல்லாம் முறைப்படி நடந்தது.

காளியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னையே படிக்கச் சொல்லி, கடைசி வரி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“சரிண்ணே. எம் புருசன் சயாம்லேர்ந்து திரும்பி வந்து, காளியம்மா எங்கேன்னு கேட்டா, என்னையக் காட்டுவீங்களா, போத்தலைக் காட்டுவீங்களா?”

செட்டியார் குனிந்து தம் செருப்பைப் பார்த்தார். அர்ச்சுனன் திரையைப் பார்த்தான். பதில் எனக்குத்தான் தெரிந்திருந்தது.

“அதுக்குத் தனி மனு போடணும்மா” என்றேன்.