கோல் விழுந்தால் பட்டுப்புடவை

"பந்து உருண்டையா இருக்குங்கிறதத் தவிர ஒனக்கு வேற என்னம்மா தெரியும்?"

கேபிள் அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நான் அவரிடம் கேட்டது மைக். கிடைத்தது இந்தக் கேள்வி.

தோற்பதற்கென்றே ஒரு கால்பந்து அணியைத் தேடிப் பிடித்து, அதைக் கடல் கடந்து இழுத்துவந்து, ஒரு கடைத்தெருவையே வாரம் தவறாமல் அழவைத்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள், நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

கோட்டுச்சேரி கடைத்தெருவில் ஒரு மாடி அறைதான் கேபிள் ஆபீஸ். அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். அவருடைய தம்பி பிரான்சில் ஏதோ ஒரு ஊரில் வேலையாக இருந்தார். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் காரைக்கால் பக்கத்தில் அது அதிசயமில்லை. அங்கே உறவுக்காரர் இல்லாத தெருதான் அதிசயம். மற்ற தம்பிகள் செண்ட் பாட்டில் அனுப்புவார்கள். இந்தத் தம்பி தன் ஊர் கால்பந்து அணியின் பனியனை அனுப்பிவைத்தார். அண்ணன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். அத்தோடு முடிந்தது. அன்றிலிருந்து அது "நம்ம டீம்". ஊர்ப்பெயரை நான் இங்கே எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே போதுமான துக்கம் இருக்கிறது.

முதல் டிவிஷனில் கடைசி இடங்களில் தள்ளாடிக்கொண்டிருந்தது நம்ம டீம். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆட்டத்தை பிரெஞ்சு சேனலில் திங்கட்கிழமை சாயங்காலம் மறுபடி போடுவார்கள். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஞாயிற்றிலிருந்து திங்கள் சாயங்காலம்வரை தம்பியின் போனை அண்ணன் எடுக்கவே மாட்டார். பிரான்சில் நேற்றே தோற்று முடிந்த ஆட்டத்துக்கு நாங்கள் இன்று சாமி கும்பிட்டுக்கொண்டிருப்போம்.

முதல் திங்கட்கிழமை அவர் செய்த காரியத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. எல்லா வீட்டிலும் மெகா சீரியல் ஓடும் நேரத்தில், அந்தச் சேனலைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் ஆட்டத்தைச் சொருகிவிட்டார். சீரியலில் மருமகளுக்கு அன்றைக்குத்தான் நினைவு திரும்புவதாக இருந்தது. அதற்குப் பதில் வெள்ளைக்காரர்கள் சேற்றில் விழுந்து புரள்வதைப் பார்த்த பெண்கள் நேராக மாடியேறி வந்துவிட்டார்கள். முன்னால் வந்தது அண்ணனின் சொந்த மனைவி.

"யோவ், மருமவளுக்கு என்னய்யா ஆச்சு?"

"கார்னர் கிக்கு கெடச்சிருக்கு. செத்த பொறு."

அண்ணி பொறுக்கவில்லை. மறுவாரமே ஆட்டம் எங்கள் லோக்கல் சேனலுக்கு மாறியது. பிறந்தநாள் வாழ்த்தும் பழைய படமும் ஓடும் சேனல் அது. கல்லூரியில் பிரெஞ்சு படித்துக்கொண்டே, சாயங்காலம் அந்தச் சேனலின் அடியில் ஓடும் எழுத்துகளை டைப் அடிக்கும் வேலை பார்த்தேன். கோட்டுச்சேரிமேட்டில் மீன்பிடிக் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் முதன்முதலில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்தான். என் எழுத்து டிவியில் ஓடுகிறது என்று அப்பா, வாசிக்கத் தெரியாவிட்டாலும், கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணன் பிரெஞ்சு வர்ணனையின் சத்தத்தை அடக்கிவிட்டு மைக்கைப் பிடித்துத் தமிழில் தானே பேசுவார். அதை வர்ணனை என்று சொல்ல முடியாது. பாதி வேண்டுதல், பாதி வசவு. "அடேய் போடா, போடா, குடுடா... குடுத்தான் பாரு, எதிராளிக்கு!" வீரர்களின் பெயர் அவருக்குத் தெரியாது. வழுக்கைத் தலைத் தடுப்பாட்டக்காரர் 'மொட்டை'. முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் நின்ற இடத்தைவிட்டு அசையவே மாட்டார். பந்து தானாக அவரிடம் வந்தால்தான் உதைப்பார். அவர் 'தாசில்தார்'.

இதைவிடப் பெரிய விசேஷம் ஒன்று உண்டு. எதிரணி கோல் போட்டால் அண்ணன் அதைச் சொல்லமாட்டார். அவர் வாயால் அது வராது. பந்து வலைக்குள் போவது போலத் தெரிந்த உடனே ஒரு பொத்தானைத் தட்டுவார். திரையில் ஆட்டம் மறைந்து, கடைத்தெரு ஜவுளிக்கடையின் பட்டுப்புடவை விளம்பரம் ஓடும். அது முடிந்து ஆட்டம் திரும்பும்போது ஒன்றுமே நடக்காதது போல, "ஆட்டம் விறுவிறுப்பாப் போயிட்டு இருக்கு" என்பார்.

ஆகவே ஊரே விளம்பரத்தை வைத்துத்தான் கோல் எண்ணும். ஒரு புடவை, ஒரு கோல். இரண்டு புடவை, இரண்டு கோல். ஆட்டம் பார்க்காத வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்னப்பா, எத்தன புடவ?" என்று விசாரிப்பார். நம்ம டீம் படுமோசமாகத் தோற்ற வாரத்தில் ஜவுளிக்கடை முதலாளி ஸ்வீட் பாக்கெட்டோடு மாடியேறி வந்து அண்ணனின் கையைக் குலுக்கினார். கடையில் வந்து, "அந்த அஞ்சு கோலு புடவய எடுங்க" என்று கேட்டவர்களும் உண்டு.

ஆட்டம் முடிந்தால் கீழே டீக்கடையில் கச்சேரி தொடங்கும். சலீம் நானாதான் தொடங்கிவைப்பார். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து பாரின் சாமான் கடை வைத்திருப்பவர். "அங்க இருக்கறப்போ நான் பாக்காத மேட்ச்சா" என்று சொல்லாமல் வாயைத் திறக்க மாட்டார்.

"மொதல்ல அந்த கோச்ச வீட்டுக்கு அனுப்பணும்யா."

"போன மாசந்தான் மாத்துனாங்க நானா. இந்தாளுக்குக் கொஞ்சம் டயம் குடுக்கணும்" என்பார் அண்ணன். வந்த எல்லா கோச்சுக்கும் அவர் இதையேதான் சொன்னார்.

"டயம் குடுத்து? கோட்டு பாக்கெட்டுல கைய விட்டுக்கிட்டு நிக்கிறாரு. ஒரு தடவ வெளிய எடுத்தாரா?"

"அங்க குளிரு நானா!"

"கீப்பரும் அதே குளிர்லதான நிக்கிறான்? அவனும் கைய வெளிய எடுக்க மாட்டேங்குறானே!"

மீன் விற்ற கையோடு வந்து நிற்கும் என் அப்பா இந்த இடத்தில் புகுவார். "நாங்க கடலுக்குள்ள போய் வலையப் போட்டுட்டு நாளெல்லாம் காத்துக் கெடக்குறோம், ஒண்ணும் விழ மாட்டேங்குது. இவன் சும்மா நிக்கிறான், வாராவாரம் வலையில கொத்தா விழுது. இவன நம்ம போட்டுல ஏத்துங்கய்யா!"

கடை சிரிப்பில் குலுங்கும். அண்ணன் மட்டும் சிரிக்க மாட்டார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்.

மாடியில் எனக்கென்று ஒரு சின்ன டிவி இருந்தது. ஹெட்போனில் பிரெஞ்சு வர்ணனையைக் கேட்பேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பேசும் வேகம் என் பாடப்புத்தகத்தில் இல்லை. விடவில்லை. மெல்ல மெல்லப் புரிந்தது. மொட்டைக்கு முழங்காலில் அடி, அதனால்தான் திரும்பச் சுணங்குகிறார். தாசில்தார் சோம்பேறி அல்ல. அங்கேயே நிற்கச் சொன்னது கோச். இதையெல்லாம் ஊருக்குச் சொல்ல என் நாக்கு துடித்தது. அதனால்தான் மைக் கேட்டேன்.

"பொம்பளப் புள்ள மைக்கப் புடிச்சா பாட்டுப் பாடலாம், கோலாட்டத்துக்குத் தாளம் சொல்லலாம். கோலு சொல்ல முடியாது" என்றார் அண்ணன்.

"நீங்களே சொல்றதில்லையே அண்ணே."

அவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மைக் இல்லாவிட்டால் என்ன, கையில் கீபோர்டு இருக்கிறதே. அடுத்த ஆட்டத்தில், மேலே பட்டுப்புடவை ஓடும்போது அடியில், 'நம்ம டீம் 0, எதிரணி 2. இரண்டாவது கோலுக்குக் காரணம் கீப்பர் அல்ல' என்று எழுத்தை ஓடவிட்டேன். அண்ணன் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எழுந்துவந்து கீபோர்டின் வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆனால் கீழே டீக்கடையில் சலீம் நானாவும் அப்பாவும் அன்று முழுக்கப் பேசியது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கீப்பர் இல்லையென்றால் யார் காரணம்? படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லி, ஊரே பிரிந்து நின்று சண்டை போட்டது. மாடி ஜன்னலில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மைக்கை வாங்காமல் விடுவதில்லை என்று அங்கேதான் முடிவு செய்தேன்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. சமன் செய்தால் போதும், முதல் டிவிஷனில் தப்பிப் பிழைக்கலாம். தோற்றால் இரண்டாவது டிவிஷனுக்கு இறங்க வேண்டியதுதான். அண்ணன் திருநள்ளாறு போய் எள் விளக்குப் போட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து உட்கார்ந்தார். கீழே டீக்கடை டிவிக்கு முன்னால் கடைத்தெருவே கூடியிருந்தது. பெண்களும் வந்திருந்தார்கள்; சீரியல் கொஞ்ச நாளாகச் சரியில்லை.

ஆட்டம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்வரை கோல் விழவில்லை. அண்ணனின் குரல் கம்மிவிட்டது. பிறகு அது நடந்தது. மொட்டையின் முழங்கால் மடங்கியது, எதிரணிக்காரன் தாண்டி ஓடினான், பந்து உள்ளே போனது.

அண்ணன் பொத்தானைத் தட்டினார். பட்டுப்புடவை வந்தது. முடிந்தது. ஆட்டத்துக்குத் திரும்ப அவருக்கு மனசு வரவில்லை. மறுபடியும் தட்டினார். மறுபடியும் புடவை. பிறகு மைக்கை அணைத்துவிட்டு, மேஜைக்கு அடியில் ஸ்டெபிலைசர் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டார். விளம்பரம் தானாகத் திரும்பத் திரும்ப ஓடியது.

கீழே எழுந்த ஓலம் ஜன்னல் வழியாக மேலே வந்தது.

"ரெண்டாவது புடவய்யா!"

"ஐயோ, மூணு!"

"நாலுய்யா, நாலு!" இது சலீம் நானா. "நான் அப்பவே சொன்னேன், கோச்ச அனுப்புங்கன்னு!"

"வாங்கய்யா போவோம்" என்றது அப்பாவின் குரல். "இனிமே இருந்து என்னத்தப் பாக்க?"

எட்டிப் பார்த்தேன். நாற்காலிகளை நகர்த்திக்கொண்டு எழுந்துவிட்டார்கள். வாங்கியது ஒரே கோல். இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர்க் கணக்கில் நம்ம டீம் செத்துப்போய்விட்டது.

"அண்ணே, ஆளுங்க எந்திரிச்சுப் போறாங்க. ஒண்ணுதான்னு சொல்லுங்க."

"என் வாயால சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் சொல்றேன்."

"சொல்லாத!"

விளம்பரத்தை நிறுத்தினேன். மைக்கைப் போட்டேன். என் குரல் கீழேயிருந்து எனக்கே கேட்டது. "யாரும் போகாதீங்க. எதிரணி போட்டது ஒரே ஒரு கோல். ஒண்ணுக்குப் பூஜ்யம். இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. ஒரு கோல் போட்டாப் பொழச்சுக்கலாம்."

தெரு அப்படியே நின்றது.

"இது எங்க பாப்பா கொரலுல்ல?" என்றார் அப்பா. பிறகு உரக்க, "பாப்பா ஒண்ணுன்னா ஒண்ணுதான்யா! ஒக்காருங்க!"

உட்கார்ந்தார்கள். ஏழு நிமிஷமும் மூச்சு விடாமல் பேசினேன். ஒவ்வொரு வீரரையும் அவரவர் பெயரைச் சொல்லி அழைத்தேன். யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும், "அதாவது மொட்டை" என்று சேர்த்துக்கொண்டேன். கடைசி நிமிஷத்தில் தாசில்தார் ஓடினார். ஆமாம், ஓடினார்! கீழே கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. தாசில்தார் உதைத்த பந்து மேல்கம்பத்தில் மோதி வெளியே போனது.

விசில் ஊதினார்கள்.

"இறங்கிட்டோம்" என்றேன். வேறு எப்படிச் சொல்ல முடியும்? "நல்லா ஆடித்தான் இறங்குனோம்."

அண்ணன் எழுந்துவந்தார். கண் சிவந்திருந்தது. என்னைத் திட்டப்போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. குனிந்து சவுண்டு மிக்சரில் ஒரு குமிழைத் திருகினார். "ஒன் கொரலு கொஞ்சம் கீச்சுங்குது. இங்க வச்சாத்தான் சரியா இருக்கும்" என்று சொல்லி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, படியிறங்கிப் போனார். ஒரு நாளைக்கு மட்டும் பேசுகிற குரலுக்கு யாரும் கோடு போட்டு வைப்பதில்லை.

இரண்டாவது டிவிஷன் ஆட்டங்களை அந்தச் சேனல் காட்டவில்லை. அண்ணன் அசரவில்லை. கல்யாண வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கத்து மைதானங்களுக்குப் புறப்பட்டார். பட்டினச்சேரியில், காரைக்காலில், எங்கே பந்து உருண்டாலும் பின்னால் நான் மைக்கோடு நின்றேன். கோல் யார் போட்டாலும் சொன்னேன். ஜவுளிக்கடை முதலாளிக்கு மட்டும் எங்கள் இருவர் மீதும் இன்னும் வருத்தம்.

போன வாரம் சென்னையில் ஒரு டிவி நிலையத்தில் கால்பந்து வர்ணனைக்குக் குரல் தேர்வு. பஸ் ஏறிப் போனேன். வந்திருந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர், பேசத் தொடங்கும் முன், "உங்களுக்குப் பிடிச்ச டீம் எதும்மா?" என்று கேட்டார். எனக்கு முன்னால் போனவர்கள் உலகப் புகழ் கிளப்களாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நான் நம்ம டீமின் ஊர்ப்பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரின் கடைசிப் பாதியை மூக்குக்குள் அனுப்ப வேண்டும். பிரெஞ்சு படித்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் கேபிள் அண்ணன் அதை, பக்கத்து பஸ் ஸ்டாப் பெயர் போல, வாய் நிறையச் சொல்வார். அவர் சொல்வது போலவே சொல்லிவிட்டு, மைக்கை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.