அச்சாறு நானா ஆற வைத்த சோறு

மவுத்தாகி மண்ணுக்குள் போனவரைப் பற்றிச் சிரிப்பாக எழுதினால் புறம் பேசிய பாவம் வந்துவிடுமோ என்று பல வருடம் தயங்கினேன். ஆனாலும் உண்மை உண்மைதான். அடுத்தவர் சோற்றை ஆற வைப்பதில் அச்சாறு நானாவை மிஞ்ச கொழும்பில் ஆள் இல்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்காரர்; அந்தச் சந்துக்கே அவர் நானா, அதாவது அண்ணன். துறைமுகத்தில் வேலை பார்த்தபோது மாலுமிகளிடம் கேட்டுக் கேட்டு ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். அச்சாறு. ஊறுகாய்க்கான அந்தச் சொல் பாரசீகத்தில் பிறந்ததாம். உருதுக்காரர் வாயில் வளர்ந்து, போர்த்துக்கேயன் கப்பலில் ஏறி, மலாய்க்காரர் குசினிச் சட்டியில் இறங்கியதாம். சிங்களத்தில் குழப்பத்துக்கும் அதுதான் பெயராம். இதைச் சொல்லி முடிக்காமல் யாரையும் தின்ன விடமாட்டார். காலிமுகத்திடலில் அன்னாசி அச்சாறு விற்றவரைப் பிடித்துக்கொண்டார் ஒருநாள். அந்த மனிதர் சளைத்துப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க, நானாவும் பாரசீகத்திலிருந்து பின்னாலேயே நடந்தார்.

அதனால் என் மகளின் கலியாணத்தில் அவரை மூலையில் ஒரு சஹனில் உட்கார்த்தி வைத்தேன். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பதுதான் சஹன். அல்லாஹ் நாடியது வேறு. மாப்பிள்ளையை வளர்த்த மாமாவின் சஹனில் ஓர் ஆள் குறைய, நான் திரும்புமுன் நானா அங்கே போய் உட்கார்ந்துவிட்டார். மாமா கொம்பனித்தெரு மலாய்க்காரர். மகள் வாழப்போவது அவர் வீட்டில்.

புரியாணி வந்தது. பக்கத்தில் பேரீச்சம்பழமும் சின்ன வெங்காயமும் போட்ட அச்சாறு.

மாமா சந்தோஷமாகச் சொன்னார்: “இது எங்கட சாமான்.”

“சாமான் ஒங்கட. பேர் ஒங்கட இல்ல” என்றார் நானா. “பாரசீகத்துல...”

“அப்ப என்ன, நாங்க களவெடுத்ததா?”

மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பெண் வீட்டில் கை நனைக்காமல் அவர் போனால், நாளைக்கு என் மகள் எந்த முகத்தோடு அந்தப் படி ஏறுவாள்?

சஹனில் ஒருவர் கோபித்து எழுந்தால் மற்றவர்கள் கை வைப்பதில்லை. நானா கையை மடியில் வைத்துக்கொண்டார். வாயையும் மூடிக்கொண்டார். அவர் வாய் மூடியதைப் பார்த்ததே இல்லாத எங்கள் ஒழுங்கைக்காரர்கள் பயந்து எட்டிப் பார்த்தார்கள். “ஆளுக்கு நெஞ்சு வருத்தமா?” என்று ஒருவர் தண்ணீர்கூடக் கொண்டு வந்தார்.

அந்த அமைதி மாமாவையும் திரும்ப வைத்தது. மெல்ல வந்தார்.

“ஏன் நானா, பேச்ச நிப்பாட்டிட்டீங்க?”

“ஆள் கொறையுதே. நீங்க ஒக்காருங்க. ஒங்கட உம்மா அத எப்படிக் கூப்பிடுற? சொல்லுங்க, நான் கேக்குறன்.”

மாமா உட்கார்ந்தார்.

“அச்சார்.”

“அச்சார்” என்று நானாவும் சொல்லிப் பார்த்தார். மாமா ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து நானா பக்கச் சோற்றில் வைத்தார். அத்தோடு முடிந்ததா? இல்லை. “சரி, அந்தப் பாரசீகம் என்ன?” என்று மாமாவே கேட்டுத் தொலைத்தார். பார்த்து நின்ற நாங்களும் கல்லாய் இறுகிய சோற்றைத்தான் தின்றோம்.

இப்போது நானா இல்லை. மகள் வீட்டு விருந்தில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை வைத்தால் சோறு விரலைச் சுடுகிறது.

இதை யாருக்காவது சொன்னால் அப்படியே சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பாரசீகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனிதருக்கு மனம் நோகும்.