யோசனைப் பண்ணையார்

நிலம் வைத்திருந்த பண்ணையார்கள் ஒழிந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். யோசனை வைத்திருக்கும் பண்ணையார்கள் வந்துவிட்டார்கள். இவர்களை அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் எதைச் சொல்ல ஆரம்பித்தாலும், 'ஒரு நிமிஷம்' என்று கையை உயர்த்தி, அதைக் கைப்பேசியில் குறித்து, அதற்கு ஒரு தலைப்பும் மூன்று அடையாளச் சொற்களும் சூட்டி, உரிய அறையில் போட்டுப் பூட்டிய பிறகுதான் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் சொல்ல வந்தது வீடு தீப்பற்றிய செய்தியாக இருந்தாலும் நடைமுறை இதுதான். தீ காத்திருக்கும், குறிப்பு காத்திருக்காது.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இந்த இனத்தின் அப்பழுக்கற்ற மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் அலெக்ஸாண்டர். வயது நாற்பத்து நான்கு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் பெட்டிகளுக்குச் சுங்கக் காகிதம் தயாரிக்கும் ஓர் ஏஜென்சியில் வேலை. அங்கே அவர் தட்டும் காகிதத்தில் ஓர் எழுத்துப் பிசகாது, ஒரு மணி நேரம் தாமதமாகாது. ஏனென்றால் வெளியே கப்பல் நிற்கிறது. வீட்டில் அவருக்காக எந்தக் கப்பலும் நிற்கவில்லை. ஆகவே வீட்டில் அவர் சிந்தனையாளர்.

ஆறு வருடங்களாக மடிக்கணினியில் ஓர் அறிவுக் களஞ்சியம் கட்டிவருகிறார். படித்தது, கேட்டது, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் சண்டை போட்டது என்று நாலாயிரத்து எண்ணூறு குறிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, அறைக்குள் பெட்டி, பெட்டிக்குள் பெட்டி. களஞ்சியத்தோடு ஓர் இயந்திர மூளையும் இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சாய்கோடு போட்டு 'யோசனை' என்று தட்டினால் போதும். அது ஏதோ இரண்டு குறிப்புகளை இழுத்து வந்து கல்யாணம் செய்துவைத்து, பிறந்த குழந்தையைத் திரையில் காட்டும். கருவாடு பற்றிய குறிப்பும் தியானம் பற்றிய குறிப்பும் கூடி, 'கருவாட்டு வாசனையில் மன ஒருமைப்பாடு: வார இறுதி முகாம்' பிறந்தது இப்படித்தான். அலெக்ஸாண்டர் அதற்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தார். முகாம் நடந்ததா என்று கேட்கிறீர்களா? நீங்கள் பண்ணையாரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

இதுவரை யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் ஜூன் மாதத்தில் வந்தது.

துறைமுகத்துக்குள் நுழைய முறை வரும்வரை கன்டெய்னர் பெட்டி ஏற்றிய நீள லாரிகள் அவர் தெருவின் முனையை அடைத்துக்கொண்டு நிற்பது வழக்கம். லாரிக்கும் சாக்கடைக்கும் நடுவில் ஒரு சைக்கிள் போகிற சந்துதான் மிஞ்சும். தெருமுனை வீட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கும் ஃபாத்திமா ஒரு நாள் துணிமூட்டையோடு அந்தச் சந்தில் ஒருக்களித்து வந்தபோது, சாக்கடையை மூடியிருந்த கல் புரண்டதில் விழுந்தார். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் மெயின் ரோடு வரை தூக்கிப் போனார்கள். ஆறு வாரம் மெஷினில் உட்காரக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள்.

தெருச் சங்கத்தின் செயலாளர் வேலப்பன், ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர். அவர் நேராக அலெக்ஸாண்டர் வீட்டுக்கு வந்தார்.

"அலெக்ஸு, இன்னும் மூணு வாரத்துல சமூகக் கூடத்துல குறை கேக்கறதுக்கு ஆபீஸர் வர்றாரு. தெருல நாலு விசயம் தெரிஞ்சவன் நீதான். ஒரு மனு எய்திக் குடு. ஒரே பக்கம். லாரி இன்னா தேதி வந்துச்சு, எவ்ளோ நேரம் நின்னுச்சு, ஒரு பொம்பளைக்கு கை ஒடிஞ்சுது. அவ்ளோதான்."

"ஒரு பக்கமா?" என்றார் அலெக்ஸாண்டர், புண்பட்டவராக. "இதுக்குப் பின்னாடி பெரிய கட்டமைப்பே கீதுண்ணே."

"பின்னாடி கீறத அப்பால பாத்துக்கலாம். முன்னாடி நிக்கிற லாரிய எய்து."

அலெக்ஸாண்டர் சும்மா இருந்தார் என்று சொன்னால் அது பொய். அவரைப்போல் அந்த மூன்று வாரம் உழைத்தவர் வடசென்னையில் இல்லை. தினமும் காலையில் லாரிகளைப் புகைப்படம் எடுத்தார். எண்ணோடு, நேரத்தோடு, அறுபத்து மூன்று படங்கள். அவற்றைப் 'போக்குவரத்து' அறையில் வைப்பதா 'பொது இடம்' அறையில் வைப்பதா என்று நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள், லாரியும் காத்திருக்கிறது, கப்பலும் காத்திருக்கிறது, தெருவும் காத்திருக்கிறது என்பது அவர் புத்தியில் பளிச்சிட, 'காத்திருத்தல்' என்று புது அறையே திறந்தார். பிறகு கட்டளை போட ஆரம்பித்தார். மனுவுக்குப் புதிய கோணம் பத்து. எவரும் யோசிக்காத கோணம் இன்னும் பத்து. வந்த யோசனைகள் சுமாராக இருந்ததால், கட்டளையில்தான் கோளாறு என்று முடிவுசெய்து, நல்ல கட்டளை எழுதுவது எப்படி என்று கேட்டு இன்னொரு கட்டளை போட்டார். அதற்கு ஒரு வாரம் ஆயிற்று.

அவர் மனைவி ஜானட், காசிமேட்டுப் பக்கம் மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பிரிக்கும் வேலை செய்பவர். கையில் வந்ததைப் பார்த்த மாத்திரத்தில் இந்தக் கூடையா அந்தக் கூடையா என்று தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிற பழக்கம்.

"மனு எழுதிட்டியா?" என்றார்.

"முப்பத்தேழு யோசனை வந்துக்குது."

"நான் அதயா கேட்டேன்?"

"எழுதிட்டா அது ஒண்ணுதான், ஜானட். எழுதறதுக்கு முன்னாடி முப்பத்தேழு."

ஜானட் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். "புடிச்ச மீன ஐஸ்ல போட்டுகினே இருந்தா போதாது. ஒரு நாளு அறுக்கணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். அலெக்ஸாண்டர் உடனே அதைக் குறித்துக்கொண்டார். அறை: பழமொழிகள். பெட்டி: கடல் சார்ந்தவை.

புதன்கிழமை காலை சமூகக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அதிகாரி மேசையில் ஏற்கெனவே பக்கத்துத் தெருக்களின் மனுக்கள் அடுக்கியிருந்தன. தம் தெருவின் முறை வந்ததும் அலெக்ஸாண்டர் மடிக்கணினியோடு எழுந்தார். மனுவை நேரடியாக, உயிரோட்டமாக, களஞ்சியத்திலிருந்தே வழங்கப்போவதாக அறிவித்தார்.

"எந்தெந்தத் தேதி, எத்தனை மணி, வண்டி எண் என்ன, அதைச் சொல்லுங்கள்," என்றார் அதிகாரி.

நியாயமான கேள்வி. பதிலும் களஞ்சியத்தில் இருந்தது. ஆனால் முந்தைய நாள்தான் அவர் அறைகளையெல்லாம் புது ஒழுங்கில் மாற்றி அடுக்கியிருந்தார். 'லாரி' என்று தேடினார். லாரி பற்றிய ஒரு தத்துவக் குறிப்பு வந்தது. 'தேதி' என்று தேடினார். இயந்திர மூளை அதை ஆங்கிலத்தில் 'டேட்' என்று புரிந்துகொண்டதால் பேரீச்சம்பழத்தின் நன்மைகள் வந்தன. கூடம் காத்திருந்தது. பதற்றத்தில் விரல்கள் தம் வழக்கப்படி சாய்கோட்டைத் தட்டி, 'யோசனை' என்று தட்டிவிட்டன.

"ஏதோ வந்ததே, படியுங்கள்," என்றார் அதிகாரி.

படிக்காமல் இருக்க அலெக்ஸாண்டருக்குத் தெரியவில்லை. "நிற்கும் லாரிகளின் பின்புறத்தில் தெருமக்களின் கவிதைகள்: ஒரு நடமாடும் நூலகம்," என்று படித்தார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அடுத்த தெருவின் காகிதத்தை எடுத்தார். இன்னும் அரை நிமிடம் போயிருந்தால் அந்தத் தெருமுனை அடுத்த வருடம் வரை லாரிகளுக்கே சொந்தமாகியிருக்கும்.

அப்போதுதான் மாவுக்கட்டுக் கையோடு ஃபாத்திமா எழுந்து மேசைப் பக்கம் போனார். இடது கையில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று.

"சார், நான் எழுதி வெச்சிக்கிறேன். இடது கைல எழுதினது. கோணலா கீது, கொஞ்சம் பாத்துப் படிங்க."

அது அவருடைய அளவு நோட்டு. மெஷினில் உட்கார முடியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பதினேழு நாளும், வந்த லாரியின் எண், வந்த நேரம், போன நேரம் என்று, ஜாக்கெட் அளவுகளுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் எழுதிவைத்திருந்தார். அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்த 'கை பத்தரை' எந்த வண்டி?"

"அது வண்டி இல்ல சார். குப்பம்மா ஜாக்கெட்டு."

அதிகாரி அன்று முதல்முறையாகச் சிரித்தார். பிறகு சிரிக்காமல், எத்தனை நாள் மெஷினில் உட்காரவில்லை என்று கேட்டார். கேட்டுவிட்டு உத்தரவு எழுதினார். பத்து நாளில் தெருமுனையில் இரும்புத் தூண்களும் தடைப் பலகையும் வந்தன. சாக்கடைக்குப் புதுக் கல் வந்தது. லாரிகள் வேறெங்கோ போய் நிற்கின்றன. எங்கே என்பது இன்னொரு தெருவின் மனு.

அலெக்ஸாண்டருக்கு வெட்கம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அன்று சாயங்காலமே ஃபாத்திமா வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றார்.

"என்கிட்ட எல்லாமே இருந்துச்சு ஃபாத்திமா. அறுபத்து மூணு போட்டோ."

"தெரியும் அண்ணே. நீங்க எடுத்துகினு இருந்தத ஜன்னல்லருந்து பாத்தேனே."

"பின்ன நீ ஏன் எழுதின?"

ஃபாத்திமா கட்டுப்போட்ட கையை மடியில் சரிசெய்துகொண்டார். "எனக்கு வலிச்சுது அண்ணே" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதனாலேயே அலெக்ஸாண்டரால் அங்கே நிற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து, ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒரு வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இதையாவது ஒரு பக்கம் முழுதாக எழுதிவிடுவது என்று சங்கற்பம். முதல் வரி வந்தது: 'எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலித்தது, நான் அதற்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தேன்.' நல்ல வரி. பகையாளியாக இருந்தாலும் ஒப்புக்கொள்ள வேண்டிய வரி. அவருக்கே அது மிகவும் பிடித்துப்போயிற்று. இவ்வளவு நல்ல வரி ஒரு காகிதத்தில் கிடந்து வீணாகலாமா? மடிக்கணினியைத் திறந்தார். வரியைப் பதிந்தார். 'வெட்கம்' என்று புதிதாக ஓர் அறை திறந்தார். சாய்கோடு போட்டார்.

நாற்பத்திரண்டு யோசனைகள் வந்தன.

இதைப் படித்துவந்த உங்களுக்கு, இது அப்படியே நம் இன்னார் அல்லவா, அவருக்கு அனுப்பிவைக்க வேண்டுமே என்று ஒரு பெயர் ஞாபகம் வந்திருக்கும். தாராளமாக அனுப்புங்கள், அவரும் இதை உங்களுக்கு அனுப்பத்தான் எடுத்து வைத்திருப்பார். அது கிடக்கட்டும். இதைப் படிக்க உட்காருவதற்கு முன்னால் நீங்கள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்ததே, அது என்ன ஆயிற்று?