சமூகநீதிக்காக நான் பூசிய சேறு

என் வாழ்நாளில் அடுத்தவர் வீட்டுச் சுவரில் நான் சேறு பூசியது ஒரே ஒரு முறைதான். அதையும் சமூகநீதிக்காகவே பூசினேன் என்றால் யாரும் நம்புவதில்லை. (எங்கள் வீட்டில் சுத்தமாக நம்புவதில்லை.)

விஸ்காம் இறுதியாண்டில் எனக்கு ஓர் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. காலநிலை மாற்றம், சாதி ஏற்றத்தாழ்வு, கதைசொல்லல், தொழில்நுட்பம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்த வேலை. அப்பாவுக்கு இதை விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது கவர்மென்டா, பிரைவேட்டா?" என்றார்.

மூன்று மாத முடிவில் நான் செய்ததைப் பார்க்க நிறுவனத்திலிருந்து எட்டுப் பேர் வருவார்கள், அவர்களுக்குப் பிடித்துப்போனால் அங்கேயே வேலை என்று ஒருங்கிணைப்பாளர் ரேவதி மேடம் சொல்லியிருந்தார். நான் வீட்டில் வந்து, வேலை கிட்டத்தட்ட உறுதி என்று சொன்னேன். அப்பா அந்தக் 'கிட்டத்தட்ட'வைக் கழற்றி வைத்துவிட்டு லிஃப்டில் ஏறுகிற எல்லோரிடமும் சொன்னார். எங்கள் கட்டடத்தில் ஏழு மாடி. வேலை கிடைக்காவிட்டால் ஏழு மாடிக்கும் நான் பதில் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது குமணன்சாவடியைத் தாண்டி செம்பரம்பாக்கம் போகிற வழியில். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் காலனி. எட்டு வருடம் குடியிருந்தும் நான் அங்கே போனதில்லை. பந்து விழுந்தால்கூட வாட்ச்மேன்தான் போய் எடுத்து வருவார். பெருமழை வந்தால் எங்கள் பக்கம் கணுக்கால் நனையும், அந்தப் பக்கம் மார்பளவு தண்ணீர் நிற்கும். மதில் கட்டும்போது பழைய வாய்க்காலை மூடிவிட்டார்கள் என்பது காலனியில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிய ஓர் இன்டர்ன்ஷிப் தேவைப்பட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் பழுப்பாக ஒரு கோடு தங்கிவிடும். ஒவ்வொரு வீட்டுக் கறையும் ஒவ்வொரு தினுசு. நான் செய்த ஆப்பைத் திறந்து அந்தக் கறைக்கு நேராகப் போனைப் பிடித்தால், திரையில் தண்ணீர் அந்தக் கோடு வரை ஏறும். அந்த வீட்டுக்காரரின் குரல் அன்று நடந்ததைச் சொல்லும். ஒன்பது வீடு, ஒன்பது கறை, ஒன்பது கதை. கறை இல்லாவிட்டால் போன் வெறும் போன்தான்.

முதல் வீடு அமுலு அக்காவுடையது. பக்கத்துக் கிடங்கில் பேக்கிங் வேலை செய்பவர். காலனியில் என்னை முதன்முதலில் உட்காரச் சொன்னவர் அவர்தான். முந்தின நாள் மதியம் அவரிடம், நாளைக் காலை பத்து மணிக்குப் பெரிய ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னேன்.

"ஊட்டாண்டயே வருவாங்களா?"

"ஆமாக்கா. முக்கியமா சுவரைத்தான் பார்ப்பாங்க."

அக்கா திரும்பித் தன் வீட்டுச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அங்கேயே பொறி தட்டியிருக்க வேண்டும். நானோ பவர்பேங்க் சார்ஜ் ஏறுமா ஏறாதா என்ற கவலையில் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, அம்மா இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையில் காலனிக்குள் நுழைந்தேன். முதலில் தெரு மாறி வந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வீடும் பளபளவென்று நின்றன. ஒன்று ரோஜா, ஒன்று கிளிப்பச்சை, ஒன்று வானநீலம். அமுலு அக்காவின் தம்பி பெயின்டர். கட்டட வேலைகளில் மீந்த டப்பாக்களையெல்லாம் அவர் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். அக்கா வீட்டுக்கு அடித்திருந்தது எங்கள் அடுக்குமாடியின் அதே இளமஞ்சள்.

ஒரு கறைகூட மிச்சமில்லை.

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் வீட்டில் சோபா உறையை மாற்றுவோம். அதையேதான் அவர்களும் செய்திருந்தார்கள். இது இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் பத்து மணி, எட்டுப் பேர், ஏழு மாடி. அக்கா வீடு பூட்டியிருந்தது. வருகிறவர்களுக்கு டீ வாங்கப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அப்போதுதான் அந்த மகா யோசனை எனக்கு உதித்தது. போனில் பழைய கறையின் படம் இருக்கிறது. பக்கத்தில் சாக்கடை இருக்கிறது. அக்கா வீட்டுக் கறையை மட்டுமாவது திரும்ப உண்டாக்கிவிட்டால் மானம் தப்பிக்கும்.

வாசலில் கிடந்த பிளாஸ்டிக் மக்கில் சேற்றை அள்ளினேன். ஒரு கையில் படம், ஒரு கையில் சேறு. கோடு ஒரு முழம் வந்தது. போனைக் காட்டினேன், திரையில் ஒன்றும் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அப்பினேன். அப்போதும் அசையவில்லை. கால் வழுக்கியது. விழாமல் இருக்கச் சுவரில் கையை ஊன்றினேன். பெயின்ட் இன்னும் காயவில்லை. ஐந்து விரலும் அச்சாகப் பதிந்தன. மக்கிலிருந்த சேறு என் சட்டையில் குறுக்கே கொட்டியது.

"இன்னா பண்ணிகினு கீற?"

அமுலு அக்கா. கையில் டீ ஃப்ளாஸ்க். அவருக்குப் பின்னால் ரேவதி மேடம். மேடத்துக்குப் பின்னால் எட்டுப் பேர். சமூகநீதியைப் பார்க்க வந்தவர்கள் பார்த்த முதல் காட்சி, மதிலுக்கு இந்தப் பக்கத்துப் பையன் அந்தப் பக்கத்து வீட்டில் சாக்கடையைப் பூசிக்கொண்டிருந்தது.

கறை வேண்டும், ஆப் வேலை செய்யாது என்று நான் ஏதோ உளறினேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நேத்து சாயங்காலம் பூரா ஒன்பது ஊட்டுக்காரங்களும் நின்னு தேச்சோம். தண்ணி பூசிச்சு, சரி. நீ இன்னாத்துக்குப்பா பூசுற?"

எனக்கு அப்படியே அந்தச் சாக்கடைக்குள் இறங்கிவிடலாம் போலிருந்தது. அவ்வளவு வெட்கம்.

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வந்தவர்களில் ஓர் அம்மாள் ஆப்பை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தார். அவர் போன் தற்செயலாக என் பக்கம் திரும்பியது. சுவரில் எதையுமே கண்டுகொள்ளாத அந்த ஆப், என் சட்டையில் வழிந்த சேற்றைக் கறை என்று கண்டுபிடித்துவிட்டது. திரையில் தண்ணீர் குபுகுபுவென்று என் மார்புவரை ஏறியது. அமுலு அக்காவின் குரல் கணீரென்று தொடங்கியது: "இம்மாந்தண்ணி வந்திச்சி, ஒருத்தன் எட்டிப் பாக்கல."

முதலில் சிரித்தது அக்காதான். போனை எட்டிப் பார்த்து, "நல்லா முழுவட்டும்" என்றார். பிறகு ஃப்ளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, வாய்க்கால் எங்கே போயிற்று என்று மதிலைக் காட்டி அவரே சொன்னார். போனை யாரும் அதன்பிறகு தொடவில்லை. நான் ஈரச் சட்டையோடு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைக்கவில்லை. ஒரு வருடம் லிஃப்டைத் தவிர்த்து மாடிப்படியில்தான் ஏறி இறங்கினேன். (இப்போது அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஆப் செய்கிறேன். அதில் கதையும் கிடையாது, நீதியும் கிடையாது.) வாய்க்காலைத் திறக்கச் சொல்லி எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் ஒவ்வொரு வருடமும் எழுந்து கேட்கிறேன். பார்க்கலாம் என்கிறார்கள். பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அக்கா அந்தச் சுவரில் என் கை பதிந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் மறுபடி பெயின்ட் அடித்துவிட்டார். யாராவது கேட்டால், "அது தண்ணி வந்தது இல்ல, இன்டர்ன் வந்தது" என்பாராம். மழைக்காலத்தில் எனக்குப் போன் செய்து, தண்ணீர் அந்தக் கையில் எதுவரை வந்தது என்று கணக்குச் சொல்வார். ஒரு வருடம் தண்ணீர் உள்ளங்கைக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஒரு வருடம் கட்டைவிரலைத் தொட்டது.

அதனால் எங்கள் வீட்டில் மழை வந்தால் செய்திக்காக யாரும் டிவியைப் போடுவதில்லை. அப்பா பால்கனியில் நின்று மதிலைத் தாண்டி எட்டிப் பார்ப்பார். பிறகு உள்ளே திரும்பி, "அமுலு கிட்ட கேளு, உன் கை இன்னும் தெரியுதான்னு" என்பார். எல்லோரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டேதான் நான் போனை எடுப்பேன். அவர் எடுக்கும்வரை மணி அடிப்பதை எண்ணிக்கொண்டே நிற்பேன்.