தண்ணி மேடமும் அறுபது ஃப்ரேமும்

டம்ளரில் இருக்கும் தண்ணீரை இரண்டு நிமிஷம் முறைத்துப் பார்க்காமல் குடித்த நாள் தண்ணி மேடம் வாழ்க்கையில் ஒன்றுகூட இருந்திருக்காது. விக்கல் எடுத்தால்கூட முதலில் பார்ப்பார், அப்புறம்தான் குடிப்பார்.

தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஆறு பேர் வேலை பார்த்த வீடியோ கேம் கம்பெனி எங்களுடையது. நான் டெஸ்டர். கேமை விளையாடி விளையாடித் தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. அதை வேலை என்று மாமனாரை நம்ப வைப்பது இன்னொரு வேலை. தண்ணி மேடம், கேமில் வரும் ஆறு, குளம், மழை எல்லாம் நிஜம்போலத் தெரிய 'ஷேடர்' எழுதுபவர். திரையில் ஒவ்வொரு புள்ளியும் எந்த நிறத்தில் எப்படி மின்ன வேண்டும் என்று கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடும் குட்டி புரோகிராம்தான் ஷேடர்.

இந்தத் தண்ணியால் அவருக்கு ஒரு வாடகை வீடே போயிற்று. வீட்டுக்காரர் விசாரிக்க ஆபீசுக்குப் போன் செய்தபோது எங்கள் வாட்ச்மேன் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "மேடமா? காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் தண்ணியிலயேதாங்க இருப்பாங்க!"

இன்டர்வியூவில் எங்கள் எம்.டி., "என்ன அனுபவம் இருக்கு?" என்று கேட்டாராம். மேடம் எம்.டி.யின் தண்ணீர் டம்ளரை எடுத்துச் சாய்த்திருக்கிறார். "மேலேருந்து பாருங்க சார், அடி தெரியுது. இப்ப குனிஞ்சு பக்கவாட்டுல பாருங்க. டியூப்லைட்தான் தெரியும், அடி தெரியாது. உங்க கேம்ல எந்தப் பக்கம் பாத்தாலும் அடி தெரியுது. அது தண்ணி இல்ல சார், கண்ணாடிப் பேப்பர்." எம்.டி. குனிந்து பார்த்தார். நிமிர்வதற்குள் வேலை கொடுத்துவிட்டார்.

அவரோடு சாப்பிட உட்காருவது தண்டனை. "சாம்பார்ல ஒரு விரற்கடைக்குக் கீழ வெளிச்சம் போகாது. ரசத்துக்குத்தான் ஆழம் உண்டு" என்று மெஸ்காரரிடம் விளக்குவார். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்குப் பசி ஆழமாகிக்கொண்டே போகும்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு படகுப் போட்டி கேம். வெளியூர் கம்பெனி ஒன்று கொடுத்த வேலை. அது கைவிட்டுப் போனால் ஆறு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேடம் முதல் வேலையாக, "நிஜ ஓட்டத்தைப் படம் எடுக்கணும், வண்டியை எடுங்க" என்று என்னைப் பூதலூர்ப் பக்கம் ஒரு வாய்க்கால் மதகுக்கு இழுத்துப் போனார். பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, ஒவ்வொரு வேப்பிலையாகத் தண்ணீரில் போட்டு அது போகும் தினுசைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்.

ஐந்து நிமிஷத்தில் வயல்வேலையை விட்டுவிட்டு ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். முன்னால் நின்ற செல்வி என்ற அம்மா கேட்டார்: "ஆபீஸ்லேருந்து வர்றீங்களா மேடம்?"

"ஆமாங்க." பொய் இல்லை. எங்கள் ஆபீசிலிருந்துதான் போயிருந்தோம்.

"தண்ணிதான பாக்குறீங்க?"

"தண்ணி மட்டும்தாங்க பாக்குறேன்."

"கடைசியில இருக்குற எங்க வயலுக்கு எப்ப மேடம் வரும்?"

மேடம் கண்ணைப் போனிலிருந்து எடுக்கவில்லை. "மார்ச்சுல ரிலீஸ்."

"மார்ச்சுலயா! அதுக்குள்ள அறுப்பே முடிஞ்சிருமே! சரி, எவ்வளவு விடுவீங்க?"

"செகண்டுக்கு அறுபது."

"அறுபது கனஅடியா?"

"அறுபது ஃப்ரேம்."

பின்னால் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், "ஃப்ரேம்னா கனஅடியை விடப் பெருசாப்பா?" என்றார்.

"ஆனா ஒண்ணு, மட்டமான போன்ல முப்பதுதான் வரும்" என்று மேடம் நேர்மையாகச் சேர்த்துக்கொண்டார்.

விபரீதம் முற்றுவதற்குள் நான் குறுக்கே புகுந்து, இது வீடியோ கேம், ஃப்ரேம் என்பது திரையில் செகண்டுக்கு எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு என்று உண்மையைச் சொன்னேன். செல்வியம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த கவரிலிருந்து ஒரு மனுவை எடுத்தார். வழியெல்லாம் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கடைசி வயல்களுக்குத் தண்ணீர் ஏறவில்லை, சுத்தம் செய்து தர வேண்டும் என்பது மனு. "விளையாட்டோ என்னவோ, நீங்களே இதைக் குடுத்துருங்க மேடம். நாங்க நாலு தடவை போயிட்டோம். நீங்க லேப்டாப்போட போனா நாற்காலியாவது போடுவாங்க."

வேறு யாராக இருந்தாலும் தலையாட்டி வாங்கிக்கொண்டு வழியிலேயே மறந்திருப்பார்கள். மேடம் மூன்று நாள் கேம் வேலையைத் தொடவில்லை. அந்த வாய்க்காலையே கம்ப்யூட்டரில் கட்டினார். செம்மண் கலங்கிய தண்ணீர், மதகடியில் நுரை, நடுவில் ஆகாயத்தாமரை மெத்தை, அதற்கப்பால் காய்ந்து வெடித்த தரை. நான்காம் நாள் லேப்டாப்போடு நீர்ப்பாசன ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனோம். நாற்காலி போட்டார்கள். அதிகாரி திரையை மூன்று தடவை பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"வாய்க்கால்ல கேமரா வெக்க யாரு உங்களுக்குப் பர்மிஷன் குடுத்தா?"

"கேமரா இல்ல சார். ஷேடர்."

"எந்தக் கம்பெனி கேமராவா இருந்தா எனக்கென்ன? லைவ்லயா ஓடுது? வேற யாரெல்லாம் பாக்குறாங்க?"

மேடம் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். அடுத்த வாரமே வாய்க்காலில் இயந்திரம் இறங்கிவிட்டது.

இங்கே ஆபீசில் வேறு கூத்து. மேடத்தின் ஆறு கேமில் ஓட ஆரம்பித்ததும் எம்.டி.யின் போன் தோசைக்கல்லாகக் காய்ந்தது. "தண்ணி ஓடுது, போன் கொதிக்குதே மேடம்!" என்று அலறினார். இரண்டு வாரம் குறைத்துக் குறைத்து, அழகு கெடாமல் சூட்டைத் தணித்தார் மேடம். அதற்குப் பிறகுதான் வேலை கொடுத்த கம்பெனிக்காரர் வீடியோ காலில் வந்து பார்த்தார். பார்த்ததும் மூக்கைச் சுளித்தார்.

"தண்ணி ஏன் இவ்ளோ அழுக்கா இருக்கு? சாக்கடையா?"

"அது வண்டல் சார். ஆத்துல புதுத்தண்ணி அப்படித்தான் வரும்."

"நிஜமா இல்லையே. நீலமா மாத்துங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

மேடம் மாட்டேன் என்றார். இரண்டு நாள் மெஸ்ஸுக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். சாம்பாரோடுகூடப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் எம்.டி. அவர் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. "ஆறு குடும்பம் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

மேடம் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். கடைசியாக என் முகத்தை. பிறகு திரைப்பக்கம் திரும்பினார். ஒன்றரை மாச ஆற்றை நீலமாக்க அவருக்கு நாற்பது நிமிஷம் போதுமானதாக இருந்தது. நீச்சல்குளம்போலப் பளபளத்தது.

"ஆஹா! இப்பதான் நிஜத் தண்ணி மாதிரி இருக்கு!" என்றார் கம்பெனிக்காரர். ஆபீசே கை தட்டியது. நானும் தட்டினேன். மேடம் லேப்டாப்பை மூடிவிட்டு, "வண்டியை எடுங்க" என்றார்.

நேரே பூதலூருக்குப் போனோம். செல்வியம்மா வரப்பில் நின்று எங்களைப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "வாங்க மேடம், வாங்க! உங்க அறுபது ஃப்ரேம் வந்துருச்சு!" கடைசி வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கெட்டியான டீ நிறம். சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு வந்தது.

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கினார். போனை எடுக்கவில்லை. குனிந்து கோணம் பார்க்கவில்லை. கெண்டைக்கால்வரை சேறாக, சும்மா நின்றார். "என்ன மேடம், கண்ணு கலங்குது?" என்று செல்வியம்மா கேட்டதற்கு, "வெயிலுங்க" என்றார். மேகமூட்டமான நாள் அது.

அடுத்த வருஷம் மேடம் ஐதராபாத்தில் பெரிய வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்கள் நீலத்தண்ணி கேம் வந்த சுவடும் தெரியவில்லை, போன சுவடும் தெரியவில்லை. இந்த வருஷம் வெண்ணாற்றில் முதல் தண்ணீர் வந்தபோது, பாலத்தில் வண்டியை நிறுத்தி வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு நிமிஷம் கழித்துப் பதில் வந்தது.

"நல்லா வந்திருக்கு. நுரை மட்டும் கொஞ்சம் ஓவர். யாரு பண்ணது?"

பாலத்தில் பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பதிலை இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.