காற்றுமேட்டுச் சிட்டம்மாவின் மனை

மூங்கில்நாட்டை வரைபடத்தில் தேட வேண்டாம். அந்நாட்டில் வரைபடத்துக்கும் வரி இருந்ததால் யாரும் அதை வரையவில்லை. மலைக்குக் கீழே தலைநகரம், மலைச்சரிவில் மக்கள், நடுவே மன்னர் மகிழ்வேந்தர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. அரியணையில் அமர்ந்த முன்னனுபவம் உள்ளவர் மட்டுமே போட்டியிடலாம் என்பது விதி. அதனால் ஒவ்வொரு முறையும் போட்டி கடுமையாகவும் முடிவு ஒரே மாதிரியாகவும் இருந்தது.

ஒரு கோடையில் மலைக்காடு பற்றிக்கொண்டது. தலைநகரம் அலறியது. அமைச்சர்கள் அவசரமாகக் கூடி, தீயைக் கண்டித்து ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். தீ அதைப் படிக்கவில்லை.

நகரைக் காப்பாற்றியது மலைச்சரிவில் இருந்த காற்றுமேடு. மலையிலிருந்து நாளெல்லாம் இறங்கும் காற்று, உச்சிப்பொழுதில் அந்த மேட்டில் மட்டும் சற்று நேரம் திரும்பி மேலே ஏறும். அப்போது அங்கே எதிர்த்தீ வைத்தால் அது மலையேறிப் போய், இறங்கிவரும் காட்டுத்தீயை வழியிலேயே சந்திக்கும். எரிய எதுவும் மிஞ்சாமல் இரண்டும் அவிந்துவிடும். மேட்டுக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த வித்தை இது. சிக்கல் என்னவென்றால், அந்த மேட்டில் அவர்களுடைய வீடுகளும் இருந்தன.

ஆண்டுக்கு ஒருவர் தீ வைப்பது வழக்கம்; அந்த ஆண்டு முறை மேட்டுக்காரி சிட்டம்மாவுக்கு வந்தது. அவள் கையில் பந்தத்தோடு தன் வீட்டை ஒரு தடவை பார்த்தாள். பிறகு தன் கூரையிலிருந்தே ஆரம்பித்தாள். நாற்பது வீடுகள் போயின. நகரம் பிழைத்தது.

அடடா, அன்று நகரில் எழுந்த ஆரவாரம்! மன்னர் யானைமேல் ஏறி முழங்கினார்: "தீயால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடிக்கும் மூன்றாண்டு வீட்டுவரி விலக்கு!" சிட்டம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஆடிக்குள் வரி கட்டாவிட்டால் மனை அரசுக்குப் போய்விடும். எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டலாம். மனை போனால் எங்கே கட்டுவது?

வரிச்சலுகைத் துறை அமைச்சர் தாராளமூர்த்தி பல்லக்கில் வந்து இறங்கினார். கரிச்சுவரைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார்.

"இவ்வீட்டை எரித்தது எத்தீ?"

"நான் வச்ச தீதாங்க. ஊரைக் காப்பாத்த வச்சது."

"அத்தீ எத்திசையில் சென்றது?"

"காட்டைப் பாத்துப் போச்சுங்க."

அமைச்சர் சுவடியைப் புரட்டினார். "காட்டிலிருந்து வருவதே காட்டுத்தீ. காட்டுக்குள் போவது காட்டுத்தீ ஆகாது. தங்கள் வீடு பாதிக்கப்படவில்லை, அம்மா. எரிந்திருக்கிறது, அவ்வளவே."

அதற்கடுத்த வாரம் இரண்டாம் ஆணை வந்தது. கூரையற்ற வீடு ஆளில்லா வீடாகக் கருதப்படும், அதற்கு வரி இரட்டிப்பு. மூன்றாம் ஆணை, காட்டிலிருந்து வந்த புகையால் இருமிய நகரவாசிகளுக்கு முழு விலக்கு அளித்தது. சலுகை அலுவலகத்தின் முன்னே இருமத் தெரிந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். ஆடி பிறந்ததும் நாற்பது மனைகளும் அரசுடைமையாயின. நகரம் தப்பிய வெற்றியைக் கொண்டாட, காட்சி நன்றாகத் தெரிகிறது என்று சிட்டம்மாவின் மனையிலேயே மன்னர் வசந்தமாளிகை கட்டிக்கொண்டார். அவள் மாளிகை மதிலுக்கு வெளியே, ஓலைச் சாய்ப்பில் ஒண்டினாள். வயிறு எரிந்தது. அதற்கும் விலக்கு இல்லை.

மறு கோடையில், போன தீ தொடாத இன்னொரு சரிவில் காடு பற்றி நகரை நோக்கி இறங்கியது. தாராளமூர்த்தி தலைப்பாகை அவிழ ஓடிவந்தார்.

"சிட்டம்மா! எதிர்த்தீ வையம்மா, சீக்கிரம்!"

அவள் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு நடந்தாள். நாற்பது குடும்பங்களும் பின்னால் போயின. மாளிகை வாசலில் நின்றாள்.

"இங்கேயா! வேறு இடம் கிடையாதா?" என்று அலறினார் அமைச்சர்.

"காத்து இங்கதான் திரும்புது சாமி. வேணும்னா ஆணை போட்டு வேற பக்கம் திருப்பிக்குங்க."

உப்பரிகையில் மன்னர் தோன்றினார். "அமைச்சரே! என் மாளிகை எரிந்தால் எனக்குச் சலுகை உண்டா?"

அமைச்சர் சுவடியைப் புரட்டி வாசித்தார்: "காட்டுக்குள் போகும் தீ காட்டுத்தீ ஆகாது, மன்னா."

"எந்த முட்டாள் எழுதியது?"

"தாங்கள்தான், மன்னா."

மலையில் மூங்கில்கள் படபடவென்று வெடித்தன. மன்னர் கத்தினார்: "மாற்றி எழுது! எதிர்த்தீயும் காட்டுத்தீயே! இன்று முதல்!"

"இன்னிலேருந்தா, போன கோடையிலேருந்தாங்க?" என்றாள் சிட்டம்மா. பந்தம் அசையவில்லை.

மன்னர் மலையைப் பார்த்தார். "போன கோடையிலிருந்து!"

"எங்க மனை?"

"திருப்பித் தரப்படும்! எழுதய்யா!"

கூட்டம் குதித்தது! அமைச்சர் எழுதினார். முத்திரை அரக்கு உருகவில்லை, நெருப்பு தேடித் தவித்தார். சிட்டம்மா பந்தத்தை நீட்டினாள். அவள் தீயிலேயே அரக்கு உருகி முத்திரை பதிந்தது. இத்தனை வேகமாக ஓர் ஆணை பிறந்ததை அந்நாடு பார்த்ததே இல்லை. மன்னர் இறங்கிவந்து பல்லக்கில் ஏறினார்.

ஆனால் தாராளமூர்த்தி விதி தவறாதவர். அசல் ஆணைகள் மன்னர் வசிக்கும் மாளிகையில்தான் பாதுகாக்கப்பட வேண்டும். அவர் ஓடிப்போய் அந்தப் புது ஆணையை உள்ளே பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு, பெருமையோடு திரும்பினார்.

சிட்டம்மா அதைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, அதை வெளிய எடுங்க!" என்று கதறினாள். அதே நொடியில் காற்று திரும்பியது. கீழே நகரத்தில் குழந்தைகள் அழும் சத்தம் மேடுவரை கேட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தீ வைத்தாள். மாளிகையும் ஆணையும் சேர்ந்தே எரிந்தன.

நகரம் மறுபடியும் பிழைத்தது. மறுநாள் மன்னருக்குச் சலுகை கிடைத்தது. மன்னரின் நினைவே அவருக்குச் சான்று என்று பழைய விதி இருந்தது. சிட்டம்மாவிடம் அமைச்சர் மிகுந்த வருத்தத்தோடு கேட்டார்: "ஆணையின் அசல் தங்களிடம் உள்ளதா, அம்மா?" மன்னர் ஒருபோதும் வரி கட்டியதில்லை. இல்லாத வரிக்கு விலக்கு தர முடியாததால் மக்களிடம் தீநிவாரண வரி வசூலித்து அவருக்குத் தந்தார்கள். அதே மனையில் மாளிகை ஒரு மாடி கூடுதலாக எழுந்தது.

அடுத்த ஆண்டு தேர்தல். 'வரிச்சலுகை தந்த வள்ளல்' வென்றார். வெற்றி விழாவில் விட்ட வாணங்களில் ஒன்று மலைக்காட்டில் போய் விழுந்தது.

தாராளமூர்த்தி மேட்டுக்கு ஓடிவந்தபோது சிட்டம்மா மாளிகை வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பந்தம் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு ஓலையும் எழுத்தாணியும்.

"வாங்க சாமி, உக்காந்து அதே ஆணையை எழுதுங்க. இந்தத் தடவை ரெண்டு பிரதி. ஒண்ணு என் மடியில இருக்கணும்."

"அசல் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது விதி!"

"எனக்கொண்ணு!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எங்களுக்கும்!" "எங்க வீட்டுக்கும்!" மேடு முழுக்கக் கைகள் நீண்டன. உப்பரிகையிலிருந்து மன்னர் வழக்கம்போல் கையசைத்தார். முதல் முறையாக யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நாப்பது பிரதி எழுதணும் சாமி," என்றாள் சிட்டம்மா, அரக்கைப் பந்தத்தில் காட்டியபடி. "காத்து திரும்பப் போவுது. கையெழுத்து அழகா இல்லாட்டியும் பரவால்ல."